எண்ணூருக்காக உட்கார வருகிறீர்களா? பாட்டும் போராட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையின் எண்ணூர்க் கழிமுகத்துக்காக அமைதியாகக் கூடும் நிகழ்ச்சிகளுக்கு ஆள் கூப்பிடும்போதெல்லாம், கூடவே ஒரு பாட்டையும் அனுப்புவது என் வழக்கம். பதிலுக்குப் பாட்டைப் பற்றி ஒரு கேள்வியும் போலீஸைப் பற்றி மூன்று கேள்விகளும் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டி விரல் தேய்ந்ததால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசின மாதிரியே விட்டிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. சட்டம் பற்றிச் சொல்லியிருப்பது பொதுவான விவரம்தான். உங்கள் சொந்த நிலைமைக்கு ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்க அனுப்பின பாட்டு என்ன பாட்டு? யார் பாடினது?

சென்னைப் பொறம்போக்குப் பாடல். 2017 ஜனவரியில் வெளிவந்தது. எழுதியவர் கபேர் வாசுகி, பாடியவர் கர்நாடக சங்கீதப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, காணொளியை இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். எண்ணூர்ப் பகுதியிலேயே படமாக்கினார்கள். ஆனந்தபைரவியில் தொடங்கி பேகடா, ஹமீர்கல்யாணி, தேவகாந்தாரி, சாளகபைரவி என்று போய் சிந்துபைரவியில் முடிகிற ராகமாலிகை. கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு ராகங்கள் புதிதல்ல. பாட்டின் தமிழ்தான் புதிது: சபா மேடையில் கேட்கிற தமிழ் இல்லை, சென்னைத் தெருவில் பேசுகிற தமிழ்.

அதே மாதம்தான் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக லட்சக்கணக்கானவர்கள் கூடினார்கள். அதே மாதம் 28ஆம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணூர்க் கரையிலிருந்து தெற்கே வெகுதூரம்வரை எண்ணெய் ஒதுங்கியது. இளைஞர்கள் வாளியால் அதை அள்ளிக் கொட்டிய படங்கள் பலருக்கு ஞாபகம் இருக்கும். பாட்டு யாரைப் பற்றியது என்று கேட்டவர்களுக்கு அந்த வாளிகளே போதுமான பதிலாக இருந்தன.

பொறம்போக்குன்னா திட்டு இல்லையா? அதைப் போய் ஆனந்தபைரவியில பாடலாமா?

பாட்டு எடுத்துக்கொண்டதே இந்தக் கேள்வியைத்தான். வருவாய்த் துறைப் பதிவேட்டில் புறம்போக்கு என்றால் யார் பெயரிலும் பட்டா இல்லாத பொது நிலம்: குளம், ஏரி, ஆற்றங்கரை, மேய்ச்சல் நிலம், வண்டிப்பாதை, மயானம். இது எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை, எல்லாருக்கும்தான் என்பது பாட்டின் வாதம். இதற்குமேல் நான் விளக்கினால் பாட்டு கெட்டுவிடும். கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணூர்ல அப்படி என்னதான் பிரச்சினை? ரெண்டு வரியில சொல்லுங்க.

இரண்டு வரியில் முடியாது. கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலில் சேர்கிறது. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் அந்தக் கழியில் இறாலும் நண்டும் மீனும் பிடித்துத்தான் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் போன்ற ஊர்கள் பிழைத்துவந்தன. அந்தக் கழியைச் சுற்றியே அனல்மின் நிலையங்கள், துறைமுகம், எண்ணெய் நிறுவனங்களின் கிடங்குகள், உரம் மற்றும் ரசாயன ஆலைகள் வந்து உட்கார்ந்தன. நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரோடு கலந்து கொண்டுபோகும் குழாய்கள் பல வருடங்களாக ஒழுகி, ஆற்றின் அடியில் சாம்பல் படிந்திருக்கிறது. முழங்கால் ஆழத்தில் கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்கு அது வெறும் அழுக்கு இல்லை, தொழிலே போகிற விஷயம். செப்பாக்கம் என்கிற ஊர் சாம்பல் குளத்தை ஒட்டியே இருக்கிறது. காற்றடித்தால் சோற்றில் சாம்பல்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகத்துக்குள் புகுந்து படகிலும் வலையிலும் ஒட்டியது. அதைத் துடைத்து முடிப்பதற்குள், டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன், உர ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. சின்னக்குப்பம், பெரியகுப்பம் மக்கள் மூச்சு முட்டி, இருட்டில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அப்புறம் ஊர்க்காரர்கள் பந்தல் போட்டு நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். நாம் போய்த் தொடங்கி வைத்த போராட்டம் இல்லை இது. அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நாமும் போகிறோம், அவ்வளவுதான்.

பாட்டைக் கேட்டேன், பத்து குரூப்புக்கு ஃபார்வர்டும் பண்ணிட்டேன். இது பத்தாதா?

நல்ல காரியம். பத்தாது. பாட்டு எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை எந்த அதிகாரியும் குறிப்பெடுப்பதில்லை. கூட்டத்தில் எத்தனை தலை என்பதை உளவுப் பிரிவுக்காரர் ஒருவர் எண்ணி மேலே அனுப்புவார். உங்கள் தலையும் அந்தக் கணக்கில் வரட்டும்.

அனுப்பும்போது ஒரு வேண்டுகோள்: காணொளியை இறக்கித் துண்டாக்கி அனுப்பாமல், அதிகாரபூர்வமான இணைப்பையே அனுப்புங்கள். பாடியவர், எழுதியவர், வாசித்தவர்கள் பெயரெல்லாம் அதோடு சேர்ந்தே போகும். முப்பது விநாடித் துண்டில் ஆனந்தபைரவி முடிந்துவிடும், விஷயம் வந்திருக்காது.

எனக்கு ராகமெல்லாம் தெரியாது. கேட்டா புரியுமா?

புரியும். வார்த்தைகள் உங்கள் வீட்டு வாசலில் கேட்கிற வார்த்தைகள்தான். முதல் தடவை வார்த்தைக்காகக் கேளுங்கள். இரண்டாவது தடவை, ராகம் மாறும் இடங்களில் பேச்சின் தொனியும் மாறுகிறதா என்று கவனியுங்கள். ஆனந்தபைரவி நம்மூர் நலங்குப் பாட்டிலும் தாலாட்டிலும் இருக்கிற ராகம், அதனால் ஆரம்பம் ஏற்கெனவே எங்கோ கேட்ட மாதிரி இருக்கும். கடைசியில் வரும் சிந்துபைரவி, கச்சேரிகளின் பின்பகுதியில் துக்கடாவாக, அதாவது சின்னப் பாட்டாக, பாடிப் பாடி நம் காதில் பதிந்தது.

சங்கீதத்துல அரசியலைக் கலக்கலாமா? அது தெய்வீகமான கலையாச்சே.

மயிலாப்பூர்ப் பக்கத்திலிருந்து அதிகம் வரும் கேள்வி. பெரும்பாலும் பெரியவர்கள் கேட்பார்கள், அதனால் பொறுமையாகவே பதில் சொல்வேன். டி.கே. பட்டம்மாள் வெள்ளைக்காரன் காலத்திலேயே கச்சேரி மேடையில் பாரதி பாட்டுப் பாடியவர். சுதந்திரம் வந்தபோது வானொலியில் பாரதியின் பள்ளுப் பாட்டைப் பாடியதும் அவர்தான். 1930இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தவர்கள் நாமக்கல் கவிஞர் எழுதிய பாட்டைப் பாடிக்கொண்டே நடந்தார்கள். அப்போது யாரும் கலை கெட்டுவிட்டது என்று சொன்னதாகத் தெரியவில்லை. கெட்டது பிரிட்டிஷ்காரர்களின் தூக்கம்தான்.

வெளியூர் உதாரணம் ஒன்று. 1989 அக்டோபர் 9, கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரம். திங்கட்கிழமைதோறும் மக்கள் நிக்கோலாய் தேவாலயத்தில் பிரார்த்தனை முடித்துவிட்டு ஊர்வலம் போவார்கள். அன்றைக்கு ஆயுதப் படைகள் குவிந்திருந்தன, சுடப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த நகரத்தின் புகழ்பெற்ற கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவின் நடத்துநர் கர்ட் மசூர், இன்னும் ஐந்து பேரோடு சேர்ந்து ஓர் அறிக்கை எழுதினார். அந்த ஐவரில் மூவர் ஆளுங்கட்சிப் பொறுப்பாளர்கள். எல்லாரும் நிதானமாக இருங்கள், பேசித் தீர்க்கலாம் என்பது அதன் சாரம். மசூரின் குரலிலேயே அது நகரத்து ஒலிபெருக்கிகளில் ஒலித்தது. சுமார் 70,000 பேர் நடந்தார்கள். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. அதே மாலை அரங்கில் கச்சேரியும் நடந்தது. சரியாக ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. அந்த அறிக்கை ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊர் நம்புகிற ஓர் இசைக்காரரின் குரல் அன்றைக்கு வேலை செய்தது.

போராட்டம்னாலே சட்டவிரோதம்தானே? வேலையில்லாதவங்க வேலைன்னு எங்க வீட்ல சொல்றாங்க.

அரசியல் சாசனத்தின் 19(1)(ஆ) பிரிவு, ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடும் உரிமையை ஒவ்வொரு குடிமகனுக்கும் தருகிறது. நாட்டின் இறையாண்மை, பொது ஒழுங்கு ஆகியவற்றுக்காக நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்று 19(3) சொல்கிறது. கட்டுப்பாடு விதிக்கலாமே தவிர, உரிமையையே இல்லாமலாக்க முடியாது. பொது இடங்களில் கூட்டம் போடுவதை அடியோடு தடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஹிம்மத்லால் ஷா வழக்கில் அரை நூற்றாண்டுக்கு முன்பே சொல்லிவிட்டது.

வீட்டில் சொல்வதற்கு: நாங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான் கூடுகிறோம். வேலையிருப்பவர்கள் வரத்தான் அந்த ஏற்பாடு.

அனுமதி வாங்கியாச்சா, இல்லையான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?

கூப்பிட்டவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவர் கூட்டும் கூட்டத்துக்குப் போகாதீர்கள். சென்னை நகரத்தில் 1888ஆம் வருடத்து மாநகரக் காவல் சட்டத்தின்படி ஆணையரிடம் முன்கூட்டியே மனு கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். வள்ளுவர் கோட்டம் அருகே, எழும்பூர் ராஜரத்தினம் ஸ்டேடியம் அருகே என்று வழக்கமாக ஒதுக்கும் இடங்கள் உண்டு. ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி, இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை அதற்கு இடமே இல்லை.

பழைய 144 தடை உத்தரவு, 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 163ஆம் பிரிவாகியிருக்கிறது. எண்தான் மாறியது. அந்த உத்தரவு இருக்கும் இடத்தில் கூடினால் வழக்கு வரலாம். தெரிந்தே மீறுவதும் அறவழியில் ஒரு வகைதான், வேதாரண்யத்தில் செய்தது அதைத்தான். ஆனால் அதற்கு வருபவர்கள் என்ன ஆகும் என்று தெரிந்து, தயாராகி வர வேண்டும். முதல்முறை வருகிறவரை அப்படிப்பட்ட இடத்துக்கு நான் கூப்பிட மாட்டேன்.

கூட்டம், கோஷம் எல்லாம் எனக்கு பயம். இதைவிடச் சின்னதா ஏதாவது இருக்கா?

இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. பெரிய ஆலையோ மின்நிலைய விரிவாக்கமோ வந்தால், 2006ஆம் வருடச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரும்பாலான திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் முன்னால் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுக்கும். ஊர்க்காரர்கள் பேசலாம், எழுதிக் கொடுக்கலாம். திட்டத்தில் அக்கறையுள்ள மற்றவர்களும் எழுத்தில் கருத்து அனுப்பலாம். கோஷம் போட வேண்டாம். போய் உட்கார்ந்து கேட்டாலே நிறையப் புரியும். யார் யாரைப் பேசவிடாமல் செய்கிறார்கள் என்பது உள்பட.

சரி, வரேன். என்ன எடுத்துட்டு வரணும், எப்படி வரணும்?

தண்ணீர், தொப்பி அல்லது குடை, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை, அடையாள அட்டையின் நகல், கொஞ்சம் சில்லறை. வீட்டில் ஒருவரின் நம்பரும் வக்கீல் ஒருவரின் நம்பரும் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் இருக்கட்டும். போன் அணைந்துபோனால் நமக்கு யாருடைய நம்பரும் மனப்பாடமாகத் தெரியாது. பதாகைக்குக் கனமான கம்பு வேண்டாம், அட்டையைக் கையில் பிடித்தால் போதும். குடித்துவிட்டு வராதீர்கள். வந்தால் நாங்களே திருப்பி அனுப்புவோம்.

எண்ணூருக்கு சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் ஏறுங்கள். திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம் தாண்டி எண்ணூர். மெட்ரோவில் வந்தால் விம்கோ நகர்வரைதான், அங்கிருந்து பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ. சொந்த வண்டியில் வந்தால் கண்டெய்னர் லாரிகளோடு ரோட்டைப் பங்கு போட வேண்டும். எண்ணூர் எப்படி ஆனது என்பதற்கு அதுவும் ஒரு பாடம்தான், ஆனால் ரயில் நல்லது.

தனியாக வராதீர்கள். இரண்டு பேராக வாருங்கள், இரண்டு பேராகக் கிளம்புங்கள்.

போலீஸ் பிடிச்சா என்ன ஆகும்?

தமிழ்நாட்டில் பெரும்பாலும் நடப்பது இது: வேனிலோ பஸ்ஸிலோ ஏற்றி, பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்திலோ சமுதாயக் கூடத்திலோ உட்கார வைப்பார்கள். பெயர், விலாசம் எழுதிக்கொள்வார்கள். மதியம் சாம்பார் சாதமோ தயிர் சாதமோ வரும். மாலையில் விட்டுவிடுவார்கள். அந்த மண்டபத்தில்தான் பல நல்ல சிநேகங்கள் தொடங்கியிருக்கின்றன, பாட்டுக் கச்சேரியும் நடந்திருக்கிறது.

எப்போதும் அப்படியே முடியும் என்று உறுதி தர முடியாது. அதனால் சிலது தெரிந்திருக்கட்டும். கைதுக்குக் காரணம் சொல்லியாக வேண்டும், நீங்கள் விரும்பும் வக்கீலைப் பார்க்க விட வேண்டும், உங்கள் வீட்டாருக்கோ நண்பருக்கோ தகவல் கொடுக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். சூரியன் மறைந்த பிறகு மறுநாள் விடியும்வரை பெண்களைக் கைது செய்யக் கூடாது. விதிவிலக்கான நிலைமையில் மட்டும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு, பெண் அதிகாரி செய்யலாம். பிடித்தால் கையைத் தட்டிவிடாதீர்கள், ஓடாதீர்கள். எந்தக் காகிதத்திலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

எஃப்.ஐ.ஆர் போட்டுட்டா பாஸ்போர்ட், விசா, வேலை எல்லாம் போயிடுமா?

இளைஞர்கள் எல்லாரும் இதைக் கேட்கிறார்கள், கேட்க வேண்டியதும்தான். பாஸ்போர்ட் சட்டம் பார்ப்பது குற்றவியல் நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் வழக்கை. எஃப்.ஐ.ஆர் மட்டும் இருந்தால் அது நிலுவை வழக்கு ஆகாது என்று உயர் நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. நிலுவையில் இருந்தாலும் நீதிமன்ற அனுமதியோடு பாஸ்போர்ட் வாங்க வழியுண்டு. ஆனால் விசாரணைக்கு வரும் போலீஸ்காரர் எழுதும் ஒரு வரியால் மாதக்கணக்கில் இழுக்கலாம், அதை மறைக்க மாட்டேன். விண்ணப்பத்தில் வழக்கை மறைத்து எழுதினால்தான் பெரிய சிக்கல் வரும். உள்ளதை எழுதுங்கள்.

பெரிய போராட்டங்களின் வழக்குகளை அரசே பிறகு திரும்பப் பெறுவதும் உண்டு. ஜல்லிக்கட்டு வழக்குகளை, போலீஸைத் தாக்கியதாகச் சொல்லப்பட்டவை தவிர, 2021இல் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அதுவரை நான்கு வருடம் அலைந்தவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டு விசாவுக்கு அடுத்த மாதம் நேர்காணல் என்றால், இந்த முறை பாட்டை மட்டும் கேளுங்கள், அடுத்த முறை வாருங்கள்.

நான் அரசு ஊழியர். வரலாமா?

ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொள்வதையே அடியோடு தடுக்கும் விதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் காமேஷ்வர் பிரசாத் வழக்கில் 1962இல் சொன்னது. வேலைநிறுத்தம் உரிமை இல்லை என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. நடைமுறையில், அரசுப் பணியாளர் நடத்தை விதிகளை வைத்து மெமோ கொடுப்பது சுலபம். உங்கள் சங்கத்தில் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். வராவிட்டால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் வந்தாலும் எங்களுக்கு மகிழ்ச்சி.

குழந்தையைக் கூட்டிட்டு வரலாமா? அம்மாவும் வரணும்னு சொல்றாங்க, எழுபது வயசு.

அனுமதி வாங்கிய, உட்கார்ந்து நடத்தும் கூட்டம் என்றால் இருவரும் வரலாம். ஓரமாக, வெளியேற வழி இருக்கும் பக்கம் உட்காருங்கள். வெயில் ஏறுமுன் கிளம்பிவிடுங்கள். ஊர்வலம் என்றால் குழந்தை வேண்டாம். மேலே சொன்ன தடை உத்தரவு மீறும் கூட்டம் என்றால் இருவருமே வேண்டாம். குழந்தைகளின் முகம் தெரியும் படங்களை யாரும் வெளியிட வேண்டாம் என்பது எங்கள் கூட்டத்தின் விதி. மற்றவர்கள் முகத்தையும் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அமைதியா இருந்தா சுட மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்? தூத்துக்குடியை மறந்துட்டீங்களா?

மறக்கவில்லை. 2018 மே 22, ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். குடும்பம் குடும்பமாகக் கலெக்டர் அலுவலகம் நோக்கி நடந்தவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து 13 பேர் உயிரிழந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் போலீஸ் மீது கடுமையாகவே எழுதியது. நீங்கள் அமைதியாக இருப்பதால் எதிர்த்தரப்பும் அமைதியாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி ஒரு உறுதிமொழியைக் கொடுத்து நான் யாரையும் கூப்பிட்டதில்லை.

அறவழி என்பது நம் பக்கத்தை மட்டும் கட்டுப்படுத்துகிற விஷயம். அதனால் கிடைக்கும் லாபமும் உண்டு: வன்முறை நடந்தால் அதை யார் செய்தார்கள் என்பதில் குழப்பம் இருக்காது, அடுத்த கூட்டத்துக்கு இன்னும் அதிகம் பேர் வருவார்கள். ஆனால் இந்தக் கணக்கு இறந்தவர்களின் வீட்டில் செல்லாது. இது தெரிந்தும் வருவதா என்பது உங்கள் முடிவு. யாரும் உங்களை வற்புறுத்தக் கூடாது, நான் உள்பட.

கூட்டத்துல எவனாவது கல்லெறிஞ்சா நான் என்ன பண்றது?

உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவரையும் உட்காரச் சொல்லுங்கள். எல்லாரும் உட்கார்ந்தால் கல்லோடு நிற்பவர் தனியாகத் தெரிவார். பலமுறை அதோடு அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் அவரோடு சண்டைக்குப் போகாமல் ஒருங்கிணைப்பவர்களிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடி அதில் சிலர் வன்முறையில் இறங்கினால், சட்டவிரோதக் கூட்டம் என்று சொல்லி உங்களையும் சேர்க்க முடியும். கலைந்து போகச் சொல்லி போலீஸ் அறிவித்த பிறகும் அங்கேயே நின்றால் இன்னும் சிக்கல்.

மெரினாவில் ஒரு வாரம் குப்பைகூடப் பொறுக்கி வைத்த கூட்டம், 2017 ஜனவரி 23 அன்று கலைக்கப்பட்டபோது என்ன ஆனது என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த நாளின் அடியைப் பெரிதும் வாங்கியது மெரினாவை ஒட்டிய மீனவர் குடியிருப்பான நடுக்குப்பம். அவர்களுடைய மீன் சந்தை எரிந்தது. போராட வந்தவர்கள் வீடு திரும்பினார்கள், குப்பத்து மக்களுக்குத் திரும்பிப் போக வேறு வீடு இல்லை. இதை எண்ணூருக்கு வரும் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். நாம் சாயங்காலம் ரயிலேறிவிடுவோம், ஊர்க்காரர்கள் அங்கேயேதான் இருக்க வேண்டும்.

ரோட்டை மறிச்சாத்தானே கவனிப்பாங்க? சும்மா உட்கார்ந்து பாடினா யார் கேக்கறா?

மறித்தால் கவனிப்பார்கள், உண்மைதான். ஆம்புலன்ஸில் இருப்பவரும் கவனிப்பார். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து டெல்லியில் சாலையில் உட்கார்ந்த ஷாகீன் பாக் போராட்டம் பற்றிய வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம், எதிர்ப்புத் தெரிவிக்கும் உரிமை உண்டு, ஆனால் பொதுச் சாலையைக் காலவரையின்றி அடைத்துவைக்க முடியாது என்றது. அந்தத் தீர்ப்பில் எனக்குக் குறைகள் உண்டு. ஒதுக்குப்புறமாக ஒரு மைதானத்தைக் காட்டி அங்கே போய்க் கத்து என்பது உரிமையைப் பெயருக்குக் கொடுப்பது. இருந்தாலும் எண்ணூரில் எங்கள் கூட்டங்களில் மறியல் இல்லை என்று முன்பே சொல்லிவிடுகிறோம். ஊரே ஒரு மறியலை முடிவு செய்தால் அது அவர்கள் உரிமை. வெளியிலிருந்து வரும் நாம் அதை முடிவு செய்யக் கூடாது.

அந்த அனல்மின் நிலையத்துக் கரண்ட்லதானே நீங்க ஏ.சி போட்டு இந்தப் பாட்டைக் கேக்கறீங்க?

ஆமாம். அதனால்தான் போகிறேன். விளக்கு நம் வீட்டில் எரிகிறது, சாம்பல் செப்பாக்கத்தில் விழுகிறது. மின்சாரமே வேண்டாம் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ஒழுகும் சாம்பல் குழாயைச் சரி செய், ஆற்றில் கொட்டிய சாம்பலை எடு, மிச்சமிருக்கும் கழியில் மண் கொட்டி மூடாதே, புதிதாக ஒன்று கட்டுமுன் எங்களைக் கேள் என்கிறார்கள். இதில் எதைச் செய்தால் மயிலாப்பூரில் கரண்ட் போய்விடும்?

மேட்டுக்குடி சங்கீதத்தைக் கொண்டுபோய் மீனவர் தலையில கட்டறீங்க. அவங்களுக்கு கானா இருக்கே?

பாதி சரி. அவர்களுக்குக் கானா இருக்கிறது, படகிலும் வலையிழுக்கும்போதும் பாடும் அம்பா பாட்டு இருக்கிறது, பறை இருக்கிறது. கூட்டத்தில் அதுதான் அதிகம் ஒலிக்கும், நம்மைவிட நன்றாகவும் ஒலிக்கும். பொறம்போக்குப் பாடலை நான் அனுப்புவது குப்பத்துக்கு இல்லை. அங்கே தெரியாத விஷயம் எதுவும் அதில் கிடையாது. டிசம்பர் முழுக்க சபா சபாவாக ஏறி இறங்கி, நகரத்தின் வடக்குப் பக்கம் ஒருமுறைகூடப் போகாத என் போன்றவர்களுக்குத்தான் அனுப்புகிறேன். நமக்குப் பழகிய ராகத்தில் வந்ததால் கடைசிவரை கேட்டோம். இல்லாவிட்டால் முதல் வரியிலேயே தள்ளியிருப்போம், ஒத்துக்கொள்ளுங்கள்.

நான் வெளியூர்ல இருக்கேன், வர முடியாது. என்ன செய்யலாம்?

வேதாரண்ய யாத்திரையின்போது தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன், நடப்பவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் சிறை என்று அறிவித்தார். ஊர்மக்கள் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டி, சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டுப் போனார்கள். யார் கட்டியது என்று யாரைப் போய்ப் பிடிப்பது? வர முடியாதவர்களுக்கும் வேலை அன்றைக்கே இருந்தது.

இன்றைக்கு: கருத்துக்கேட்புக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள். உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதுங்கள். சாம்பல், எண்ணெய், வாயு பற்றிய அரசு அறிக்கைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்க உதவுங்கள். எண்ணூர்க்காரர் ஒருவர் நண்டு, இறால் விற்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை அல்லது ஓ.சி.ஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கானது) வைத்திருப்பவர்கள், ஊருக்கு வரும்போது கூட்டத்தில் உட்காருமுன் வக்கீலைக் கேட்டுவிடுங்கள். 19ஆம் பிரிவு குடிமக்களுக்குத்தான்.

அங்க நான் பாடலாமா? கொஞ்சம் கத்துண்டிருக்கேன்.

தாராளமாக. சுருதிப்பெட்டி வேண்டாம், போனில் தம்புரா போதும். லாரிச் சத்தத்தில் கீழ் ஸ்தாயி எடுபடாது, அதற்கேற்ற பாட்டாகத் தேர்ந்தெடுங்கள். ஆலாபனை வேண்டாம். நான்கைந்து நிமிடம், எல்லாரும் திருப்பிப் பாடுகிற மாதிரி ஒரு வரி இருந்தால் நல்லது. உங்களுக்கு முன்னால் ஊர்ப் பெண்கள் யாராவது பேசினால், அவர்கள் முடிக்கும்வரை மைக்கைக் கேட்காதீர்கள். வித்வான்களுக்கும் இதே விதிதான்.

எல்லாம் சரி. ஆனா அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கவே இல்லை. தேவகாந்தாரியை இப்படியா பாடுவாங்க?

பிடிக்காமலே வரலாம். போன முறை ஒரு மாமா ரயிலில் விம்கோ நகர்வரை தேவகாந்தாரிக்கும் ஆரபிக்கும் உள்ள வித்தியாசம் சொல்லிக்கொண்டே வந்தார், அப்புறம் மதியம்வரை வெயிலில் உட்கார்ந்திருந்தார். உங்களுக்கும் பக்கத்தில் இடம் போட்டு வைக்கச் சொல்கிறேன். காலை ரயிலை விட்டுவிடாதீர்கள், அடுத்ததற்கு நேரமாகும்.